மலையேறும் ஜீப்புக்கு மூச்சு வாங்கினால்... வீரபாண்டி சாலையில் ஒரு டர்போ வைத்தியம்

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், பழனிசெட்டிபட்டியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் "வீரபாண்டி" என்று குரல் கொடுப்பார். தேனியிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர். ஊரைத் தொட்டபடி முல்லைப் பெரியாறு ஓடுகிறது. கரையில் கௌமாரியம்மன் கோயில், பக்கத்திலேயே கண்ணீஸ்வரமுடையார் கோயில். பார்வையை இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இங்கே வந்து வழிபட்டுக் கண் பெற்றான் என்கிறது தலபுராணம். ஊர்ப் பெயரும் அந்த மன்னன் பெயர்தான்.

சித்திரையில் எட்டு நாள் திருவிழா நடக்கும்போது இந்தச் சாலை இரவு பகலாகத் தூங்காது. தீச்சட்டி ஏந்தியும் ஆயிரங்கண் பானை எடுத்தும் பக்தர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மற்ற நாள்களில் ஆற்றில் குளிக்கிறவர்கள், அம்மனைக் கும்பிட வருகிறவர்கள், வயலுக்குப் போகிறவர்கள் என்று ஊர் அதன்போக்கில் இருக்கும்.

ஆனால், ரோட்டோரம் ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வேறொன்று கண்ணில் படும். போகிற வண்டிகளில் பல, மலைக்குப் போகிற வண்டிகள். குமுளி வழியாகக் கேரளா போகும் லாரி, சபரிமலை சீசனில் மாலை போட்ட சாமிகளின் வேன், மூடைகள் ஏற்றிய பிக்கப், அப்புறம் ஜீப். இந்தப் பள்ளத்தாக்கில் வண்டி வைத்திருப்பவருக்கு மலைதான் பரீட்சை. சமதளத்தில் மறைந்து கிடக்கும் கோளாறு, மேடு ஏறும்போது தெரிந்துவிடும்.

அப்படித் தெரியவரும் கோளாறுகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இன்ஜினுக்குக் காற்றை ஊதித் தரும் கருவி தேய்ந்துபோவது. பெரிய கார்களில் அதன் ஒரு வகைக்கு சூப்பர்சார்ஜர் என்று பெயர். இந்தச் சாலையில் ஓடும் டீசல் வண்டிகளில் இருப்பது அதன் நெருங்கிய சொந்தமான டர்போசார்ஜர். மெக்கானிக்குகளின் வாயில் சுருக்கமாக 'டர்போ'.

விடியுமுன் புறப்படும் ஜீப்புகள்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே சுவர் வைத்ததுபோல நிற்கிறது மலை. அதன் உச்சிக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை என்று நீளும் ஏலத்தோட்டங்கள். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பது உலகத்துக்கே தெரியும். அந்த ஏலக்காயைச் செடியிலிருந்து கிள்ளும் விரல்களில் பல, இந்தப் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்தவை. பெரும்பாலும் பெண்கள்.

விடிவதற்கு முன்பே தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு அவர்கள் ஜீப் ஏறுகிறார்கள். போடிப் பக்கத்தவர்கள் போடிமெட்டு வழியாக, 17 கொண்டை ஊசி வளைவுகள். கம்பம் பக்கத்தவர்கள் கம்பம்மெட்டு வழியாக, 18 வளைவுகள். இன்னும் சிலர் கூடலூர், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏற்றம். வேலை முடிந்து சாயங்காலம் அதே ஜீப்பில், அதே வளைவுகளில் இறக்கம். வாரத்தில் ஓரிரு நாள் தவிர எல்லா நாளும் இதே பயணம்தான்.

போடி இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் அடியில். போடிமெட்டு 4,000 அடிக்கும் மேலே. ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்குள் இவ்வளவு உயரம். ஜீப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காது அடைக்கும், காற்று குளிரும். அதே நேரத்தில் பானெட்டுக்கு அடியில் இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.

ஏன் மூச்சு முட்டுகிறது?

டீசல் எரிய வேண்டுமானால் காற்று வேண்டும். உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சாதாரண இன்ஜினின் சக்தியில் சுமார் மூன்று சதவிகிதம் குறையும் என்பது மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. அப்படியென்றால் போடியில் 60 குதிரைச் சக்தியோடு கிளம்பிய வண்டி, மெட்டைத் தொடும்போது 54 குதிரைச் சக்தியில் திணறிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் ஆட்களின் பாரம் மட்டும் ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது.

இதற்கு வழி, காற்றை அழுத்தி உள்ளே திணிப்பது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கம்பளி ஆலை வைத்திருந்த ரூட்ஸ் சகோதரர்கள், இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழன்று காற்றைத் தள்ளும் ஊதுகருவிக்கு 1860-ல் காப்புரிமை வாங்கினார்கள். முதலில் அது இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதியது. பிற்பாடு கார் இன்ஜினுக்கும் வந்தது. இன்ஜினின் சுழற்சியிலேயே பெல்ட் போட்டு ஓடும் இந்த வகைதான் சூப்பர்சார்ஜர்.

சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரட் பூஷி வேறு மாதிரி யோசித்தார். சைலன்ஸர் வழியாகச் சூடாக வெளியே போகும் புகை வீணாகத்தானே போகிறது? அதைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுற்றினால் என்ன? அந்தச் சக்கரத்தின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருந்தால் அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் ஊதுமே! 1905-ல் அவர் பெற்ற காப்புரிமைதான் இன்றைய டர்போவுக்கு அடிப்படை.

இதை முழுசாக நிரூபிக்க ஒரு மலைதான் தேவைப்பட்டது. 1918-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ், ஒரு விமான இன்ஜினை லாரியில் ஏற்றி அமெரிக்காவின் பைக்ஸ் பீக் சிகரத்துக்குக் கொண்டுபோனார். 14,000 அடிக்கு மேல் உயரம். தரைமட்டத்தில் 350 குதிரைச் சக்தி தந்த அந்த லிபர்ட்டி இன்ஜின், உச்சியில் 230-க்கு இறங்கியது. டர்போவை இணைத்ததும் 356 குதிரைச் சக்தி! மலை பறித்ததை டர்போ திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஜீப் என்றொரு குடும்ப உறுப்பினர்

இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் வில்லீஸ் ஜீப்பை 1940-களின் இறுதியில் கொண்டுவந்தது. பெட்ரோல் ஜீப்பாக இருந்தது பிற்பாடு டீசலுக்கு மாறியது. பியூஜோ தொழில்நுட்பத்தில் வந்த டீசல் இன்ஜின்கள் பல வருடம் ஓடின. கமாண்டர், மேஜர் என்று பெயர்கள் மாறின. 2000-ல் பொலிரோ வந்தது. பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு டர்போ கிடையாது. காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் சாதாரண இன்ஜின். பின்னால் வந்த டி.ஐ. டர்போ இன்ஜின்களில், 2,523 சி.சி. கொள்ளளவுக்குள் மலையேற்றத்துக்குத் தோதான இழுவை கிடைத்தது.

மலையோர ஊர்களில் ஜீப்பை யாரும் சீக்கிரம் கழற்றிப் போடுவதில்லை. பாடி போனால் பாடி கட்டுவார்கள். கியர்பாக்ஸ் போனால் வேறு கியர்பாக்ஸ். டர்போ இல்லாத இன்ஜினை எடுத்துவிட்டு டர்போ இன்ஜினைப் பொருத்துகிறவர்களும் உண்டு. இருக்கிற இன்ஜினிலேயே டர்போவைச் சேர்த்து, பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. இப்படி மாற்றப்பட்ட இன்ஜின்களில்தான் டர்போ தேய்மானம் சீக்கிரம் எட்டிப் பார்க்கிறது. டர்போவின் வேலை அப்படிப்பட்டது.

நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் கருவி அது. ஒரு பக்கச் சக்கரத்தில் அறுநூறு, எழுநூறு டிகிரிச் சூட்டில் புகை மோதும். கையகலம்கூட இல்லாத தூரத்தில், மறுபக்கச் சக்கரத்தில் குளிர்ந்த மலைக்காற்று. இரண்டையும் இணைப்பது சுண்டுவிரல் கனத்தில் ஒரு தண்டு. அந்தத் தண்டு உலோகத்தின்மேல் உரசிச் சுழல்வதில்லை. பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே படர்ந்திருக்கும் ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுழல்கிறது. தலைமுடியை விட மெல்லிய அந்தப் படலம் ஒரு சில நொடிகள் அறுந்தாலும் போதும், தேய்மானம் தொடங்கிவிடும்.

"வண்டி மேட்டுல இழுக்க மாட்டேங்குதுண்ணே!"

டர்போ பிரச்னை பட்டறைக்கு வருவது பெரும்பாலும் இந்த வார்த்தைகளோடுதான். டிரைவர் சொல்வதிலேயே பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது என்பது பழுத்த மெக்கானிக்குகளுக்குத் தெரியும். அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் கேள்விகள்தான் வரும். புகை என்ன நிறம்? சத்தம் எப்படி? ஆயில் குறைகிறதா? கடைசியாக எப்போது ஆயில் மாற்றினாய்?

கறுப்புப் புகை என்றால், எரிக்கிற டீசலுக்கு ஏற்ற காற்று வரவில்லை என்று அர்த்தம். டர்போ தளர்ந்திருக்கலாம். ஆனால், ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தாலும் இதே கறுப்புப் புகைதான். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. டர்போவின் சீல் வழியாகவும் வரலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்தும் வரலாம்.

சத்தமும் பேசும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது 'உஸ்ஸ்' என்று காற்று சீறினால் எங்கேயோ கசிவு. சைரன் மாதிரி ஊளையிட்டு, வேகத்தோடு ஏறி இறங்கினால் தண்டு சமநிலை தவறியிருக்கிறது. உலோகம் உரசும் 'கீச்' சத்தம் கேட்டால் சக்கரம் கூட்டைத் தொடுகிறது. அதற்கு மேல் அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

இங்கேதான் நல்ல மெக்கானிக்கும் அவசர மெக்கானிக்கும் பிரிகிறார்கள். அவசரக்காரர் "டர்போ போச்சு, மாத்திடலாம்" என்பார். நிதானக்காரர் முதலில் சோப்பு நுரையை ஹோஸ் இணைப்புகளில் தடவிப் பார்ப்பார். கிளாம்ப்புகளை இறுக்குவார். ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்ப்பார். சில நூறு ரூபாய் ஹோஸுக்காக, பல ஆயிரம் ரூபாய் டர்போவைக் கழற்றிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

விரல் நுனியில் ஒரு பரிசோதனை

ஹோஸும் ஃபில்டரும் சரியாக இருந்தால் அடுத்தது டர்போ. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, காற்று உள்ளே வரும் குழாயைக் கழற்றினால் சின்ன அலுமினியச் சக்கரம் தெரியும். அதை விரலால் மெதுவாகச் சுற்ற வேண்டும். தடங்கல் இல்லாமல் சுழல வேண்டும். பிறகு நடு நட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். லேசான ஆட்டம் இருக்கலாம், ஆயில் படலத்துக்கான இடம் அது. ஆனால், இதழ்கள் கூட்டில் தட்டக் கூடாது. அதே தண்டை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் உள்ளே இருக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது.

சக்கரத்தின் இதழ்களும் கதை சொல்லும். மணல் தேய்த்ததுபோல முனைகள் மழுங்கியிருந்தால், ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. ஒரே ஓர் இதழ் மட்டும் கடித்ததுபோல உடைந்திருந்தால், நட்டோ வாஷரோ உள்ளே விழுந்திருக்கிறது. தண்டு நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் இல்லாமல் சூடேறியிருக்கிறது. பேரிங்கில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் அழுக்கு ஆயில்.

பார்க்கப் பார்க்க ஓர் உண்மை விளங்கும். டர்போ பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. வேறு ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. கொன்றது எது என்று கண்டுபிடிக்காமல் புது டர்போவைப் பொருத்தினால், அதுவும் அதே வழியில் போகும்.

பழுது பார்க்கும் முறை

டர்போவின் உள்கட்டமைப்பு முழுவதும், அதாவது இரண்டு சக்கரங்கள், தண்டு, பேரிங், சீல் எல்லாம் சேர்ந்து, ஒரே தொகுப்பாகக் கிடைக்கிறது. கடைகளில் 'கோர்' என்றோ 'கார்ட்ரிட்ஜ்' என்றோ கேட்கலாம். வெளிக்கூடு நன்றாக இருந்தால் இதை மட்டும் மாற்றினால் போதும். பேரிங், சீல் மட்டும் கொண்ட ரிப்பேர் கிட்டும் உண்டு. ஆனால், கிட் போட்டுச் சரிசெய்தால் பேலன்ஸ் பார்த்தே ஆக வேண்டும். லட்சம் சுற்றில் சுழலும் தண்டில், மிளகளவுகூட வேண்டாம், அதில் சிறு துளி எடை ஒரு பக்கம் கூடினாலே அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும். பேலன்ஸ் மெஷின் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. மதுரை, கோவை போன்ற பெரிய ஊர்களில் இதற்கென்றே இருக்கும் கடைகளுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஒன்றிரண்டு நாள் வண்டி நிற்கும். ஒரு நாள் ஓட்டம் போனால் டிரைவருக்குக் கூலி போகும், ஏறுகிறவர்களுக்கும் அன்றைக்கு வேறு வண்டி தேட வேண்டும். இருந்தாலும் அந்தக் காத்திருப்பு வீண் போகாது.

பிரிக்கும்போது சக்கரமும் தண்டும் எந்த நிலையில் இருந்தன என்று அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். பல டர்போக்களில் நடு நட்டின் மரை எதிர்ப்பக்கமாகத் திரும்பும். தெரியாமல் வழக்கப்படி முறுக்கினால் தண்டு முறிந்துவிடும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை இவை:

* இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் புதிதாக மாற்ற வேண்டும். பழைய ஆயிலில் பழைய பேரிங்கின் தூள் கலந்திருக்கும்.

* டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் சின்னக் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே கரி படிந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

* ஆயில் திரும்பிப் போகும் பெரிய குழாய் மடங்காமல், நேராகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அங்கே ஆயில் தானாக வழிந்துதான் இறங்குகிறது. அது அடைத்தால் புது டர்போவின் சீல் வழியாகவும் ஆயில் கசியும்.

* ஆயில் துவாரங்கள் இருக்கும் இடத்தில் சிலிக்கான் பேஸ்ட் தடவக் கூடாது. பிதுங்கும் ஒரு துணுக்கு போதும், ஆயில் வழியை அடைத்துவிடும். கேஸ்கெட் மட்டும்தான்.

* ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவுக்குள் கையால் கொஞ்சம் ஆயில் ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். டீசலை நிறுத்தி வைத்துச் செல்ஃப் மட்டும் அடித்து, ஆயில் வந்து சேர்வதை உறுதி செய்த பிறகே இன்ஜினை ஓடவிட வேண்டும். முதல் சில நிமிடங்கள் ஐடிலில் ஓடட்டும். எடுத்த எடுப்பில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே கூடாது.

சூப்பர்சார்ஜர் வைத்திருப்பவர்களுக்கு

சூப்பர்சார்ஜர் நம் ஊர்ச் சாலைகளில் அபூர்வம். பின்பக்கம் 'கொம்ப்ரெஸர்' என்று எழுத்துப் பொறித்த பழைய மெர்சிடிஸ் பென்ஸ் கார்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் இருப்பது சூப்பர்சார்ஜர்தான். ஆசைக்காக இன்ஜினை மாற்றியமைக்கும் சில இளைஞர்களும் இதைப் பொருத்துகிறார்கள்.

இதன் உள்ளே இருக்கும் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாது, கூட்டையும் தொடாது. நூலிழை இடைவெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியைக் காப்பாற்றுவது பேரிங்குகளும் ஒரு ஜோடிப் பல்சக்கரங்களும். பேரிங் தேய்ந்தால் உருளைகள் உரசும், மேல்பூச்சு உரியும், காற்று பின்னால் கசியும், அழுத்தம் குறையும். ஐடிலில் கடகடவென்று சத்தம் வந்து, வேகம் கூடியதும் அடங்கினால் முன்பக்கத்து கப்ளர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அது சின்னச் செலவு. வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் இரைச்சல் என்றால் பேரிங்.

இங்கேயும் முறை அதேதான். முதலில் பெல்ட் வழுக்குகிறதா, ஹோஸ் கசிகிறதா, பைபாஸ் வால்வு மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, சூப்பர்சார்ஜருக்கென்று தனியாக இருக்கும் ஆயில். பலர் இப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். அது கறுத்து, நாற்றமெடுத்து, உலோகத் தூளோடு வந்தால் பேரிங், சீல் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உருளையே கீறிப் போயிருந்தால் கிட் போட்டுப் பயனில்லை.

சாவியைத் திருப்பினாலும் நிற்காத இன்ஜின்

டர்போ தேய்மானத்தை "இழுவைதானே குறைகிறது, ஓடும்வரை ஓடட்டும்" என்று தள்ளிப்போடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சீல் மொத்தமாக விட்டுப்போனால் இன்ஜின் ஆயில் காற்றோடு சேர்ந்து இன்ஜினுக்குள் கொட்டும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தறிகெட்டு ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீசலை நிறுத்தினாலும் நிற்காது. வெள்ளையும் நீலமுமாகப் புகை கக்கிக்கொண்டு, இன்ஜின் தன்னையே உடைத்துக்கொள்ளும்வரை வேகம் ஏறும்.

கொண்டை ஊசி வளைவில், பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது இது நடந்தால்? டிரைவர்கள் ஒரு விஷயத்தை மனதில் வைத்திருக்க வேண்டும். பிரேக்கை அழுத்தி மிதித்து வண்டியை நிறுத்தி, டாப் கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி அடங்கும். அப்படியும் அடங்காவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் கொடுத்து, எல்லோரையும் இறக்கித் தள்ளி நிறுத்துவதுதான் முதல் வேலை. காற்றுக் குழாயைக் கையால் பொத்த முயலவே கூடாது.

ஏற்றத்துக்கு டர்போ... இறக்கத்துக்கு?

இன்ஜினை மாற்றியமைக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. டர்போ இல்லாத இன்ஜினில் டர்போ சேர்த்தால், பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் ரேடியேட்டரும் கிளட்சும் அந்தக் கூடுதல் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். அவற்றையெல்லாம் சமாளித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். சக்தி கூடிவிட்டது என்று இன்னும் நாலு பேரை ஏற்றினால், திரும்பி வரும்போது அந்தப் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியது பழைய பிரேக்தான். ஏற்றத்தில் கோளாறு வந்தால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் கோளாறு வந்தால் நிற்காது.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வாகனத்தின் அமைப்பை உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்ஜின் மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குவதுதான் சரி. ஆர்.சி. புத்தகத்தில் ஓர் இன்ஜினும் பானெட்டுக்குள் வேறொன்றும் இருந்தால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். அப்போது நஷ்டப்படுவது வண்டிக்காரர் மட்டுமில்லை, பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவரின் குடும்பமும்தான்.

செலவில்லாத வைத்தியம்

டர்போவைக் காப்பாற்றும் பழக்கங்களுக்குக் காசு அதிகம் தேவையில்லை. வண்டி புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றுவது, மலைத்தூசியில் ஓடும் வண்டி என்றால் அதற்கும் முன்னாலேயே மாற்றுவது. ஏர் ஃபில்டரை அடிக்கடி பார்ப்பது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுவது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஏறி முடித்ததும் சட்டென்று ஆஃப் செய்யாமல் இருப்பது. மெட்டு ஏறி வந்த டர்போ தணலாகக் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இன்ஜினை நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். பேரிங்கில் தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் வெந்து கரியாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை தண்டு சுழலும்போது அந்தக் கரிதான் பேரிங்கை அரைக்கும். ஓரமாக நிறுத்தி ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டால், ஆயிலே சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்த முறை வீரபாண்டிக்குப் போனால் அம்மனைக் கும்பிடுங்கள், ஆற்றில் கால் நனையுங்கள். அங்கிருந்து போடிமெட்டோ கம்பம்மெட்டோ ஏறுவதாக இருந்தால், கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து ஆயில் அளவை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸ் கிளாம்ப்பைத் தொட்டுப் பாருங்கள். மலை உச்சியில் நிறுத்தும்போது, பின்னால் இருப்பவர்கள் இறங்கிச் சேலையை உதறித் தூக்குவாளியை எடுத்துக்கொள்ள எப்படியும் ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் போதும். சாயங்காலம் அவர்களைப் பத்திரமாக வீடு சேர்க்க அந்த வண்டி தயாராக இருக்கும்.